கடைசி வரிசைக்கு ஒரு கேள்வி

செவக்கரைச் சட்டக் கல்லூரியின் பேருரை அரங்கம் நீளத் தொடங்கியது ஒரு வியாழக்கிழமை மாலையில், 'எளியவர்க்கும் நீதி' என்ற தலைப்பில் தலைநகரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தபோதுதான். அவர் பேசி முடித்து, பொன்னாடையை மடித்து உதவியாளரிடம் கொடுத்துவிட்டு மேடையை விட்டு இறங்கியபோது, அரங்கின் நடுவில் காலையில் இல்லாத சில வரிசை நாற்காலிகள் இருந்தன. அதே பச்சை ரெக்சின் உறை, அதே துருப்பிடித்த கால்கள், கைப்பிடியில் காம்பஸ் முனையால் கீறிய காதலர் பெயர்கள்கூட இருந்தன, ஆனால் அந்தப் பெயர்களில் எவரும் அந்தக் கல்லூரியில் படித்ததில்லை. வெளியிலிருந்து பார்த்தால் கட்டடம் பழைய அளவுதான். பின்சுவரை ஒட்டிய சைக்கிள் நிறுத்தம் நகரவில்லை, அதன்மேல் நிழல் பரப்பும் வாகைமரமும் நகரவில்லை. உள்ளே மட்டும் நீளம்.

ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆற்றில் மணல் காணாமல் போனபோதும், பஞ்சாலை பூட்டியபோதும், அரசு ஆஸ்பத்திரியில் மருந்து தீர்ந்தபோதும் எடுத்துக்கொள்ளாத ஊர், அரசாங்கக் கட்டடம் ஒன்று பெரிதானதற்கா பதறப்போகிறது? பொதுப்பணித் துறைப் பொறியாளர் நாடாவோடு வந்தார், ஒரு முனையை மேடைக்காலில் கட்டிவிட்டு மறுமுனையை இழுத்துக்கொண்டு நடந்தார், நாடா தீர்ந்த இடத்தில் நின்று கொஞ்ச நேரம் யோசித்தார், பிறகு கட்டடம் உறுதியாக இருப்பதாகச் சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனார். கல்லூரியோ, நீண்டு போன அரங்கத்தைப் பற்றியே இரண்டு நாள் கருத்தரங்கம் நடத்தியது. அதன் முடிவில் அரங்கம் இன்னும் நன்றாக நீண்டது.

வியாழன்தோறும் நினைவுச் சொற்பொழிவு, பட்டிமன்றம், வழக்காடு மன்றம், மனித உரிமை நாள், அரசியல் சாசன நாள், நுகர்வோர் நாள், பெண்கள் நாள் என்று ஏதாவது ஒன்று நடக்கும், ஒவ்வொன்றிலும் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை இருக்கும், ஒவ்வோர் உரைக்கும் அரங்கம் தன் பங்குக்குச் சில வரிசைகளைப் பெற்றெடுக்கும், பெற்றெடுத்த வரிசைகளில் வந்து உட்கார ஊரில் ஆட்கள் இருந்துகொண்டே இருந்தார்கள். நடுப்பகுதியில் செய்யது பாய் டீக்கடை போட்டார், ஏனென்றால் கல்லூரி வாசலில் போட்ட டீ பின்வரிசைக்குப் போவதற்குள் ஏடு கட்டிவிடுகிறது. நடுவரிசைக்காரர்கள் கொஞ்ச காலத்தில் தங்களை முன்வரிசைக்காரர்கள் என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார்கள், பெண் கேட்டு வந்தவர்களிடம் எத்தனையாவது வரிசை என்று விசாரித்தார்கள், தங்கள் வரிசைக்குப் பின்னால் ஒரு கயிறு கட்டினார்கள். கயிறு கட்டுவதை மட்டும் இந்த நாட்டில் எவருக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒலிபெருக்கிக்கு ஒயர் பாதி வழியோடு தீர்ந்துபோனதால், பின்வரிசைக்குப் பேச்சு வெறுங்காற்றில்தான் வந்து சேர்ந்தது. மேடையில் ஒருவர் வேடிக்கையாக ஏதோ சொல்ல, முன்னால் சிரித்து, நடுவில் சிரித்து, அந்தச் சிரிப்பு கடைசி வரிசைக்கு வந்து சேரும்போது அவர் இறந்துபோன தலைவர் ஒருவருக்கு அஞ்சலி செலுத்திக்கொண்டிருப்பார்.

கடைசி வரிசையில் இருந்தவர்கள் அழைப்பிதழ் இல்லாமல் வந்தவர்கள். பீடி சுற்றும் பெண்கள், குடிசை இடிபட்டவர்கள், சாக்கடைக்குள் இறங்கிய புருஷனைத் திரும்ப வாங்க முடியாதவர்கள், உள்ளே போன பிள்ளை வெளியே வராதவர்கள். வாசலில் சட்டம் என்று எழுதியிருந்ததால் வந்தார்கள். பின்கதவு அவர்கள் முதுகுக்குப் பின்னால் எப்போதும் திறந்தே கிடந்தது; வெளியே போக அவர்களுக்கு என்றைக்கும் தடை இல்லை. முன்னால் போகத்தான் முடியவில்லை. நடந்து பார்த்தவர்கள் உண்டு. கயிறுகளைத் தாண்டித் தாண்டி அவர்கள் மூச்சு வாங்க நிற்கும்போது மேடையில் அடுத்தவர் எழுந்து "அனைவருக்கும் என் அன்பான வணக்கம்" என்பார். நடந்த தூரம் வீணாகும்.

அந்தக் கடைசி வரிசையின் ஓர நாற்காலிதான் மாசானத்துடையது. எழுபதைத் தாண்டிய ஆள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவர், பஞ்சாலையில் நூல் முடிச்சுப் போட்டவர், மிச்சப் படிப்பெல்லாம் டீக்கடைகளில் கைமாறிய துண்டறிக்கைகளிலும் சிறைக்குள் பீடிக்கட்டோடு சேர்த்துக் கடத்தி வந்த சிறு வெளியீடுகளிலும் படித்தவர். ஆலை வாசலில் மைக் இல்லாமல் அவர் பேசினால் எதிர்க்கரை வயலில் களை எடுப்பவர்கள் நிமிர்ந்து நிற்பார்கள் என்று சொல்வார்கள்; அவரும் சொல்வார். அவர் கட்சி உடைந்தது, உடைந்தது மறுபடி உடைந்தது, கடைசியில் அவர் ஒருவரே மிஞ்சி, அதிலும் காலையில் எடுத்த முடிவை மாலையில் எதிர்த்து வாக்களிக்கிறவராக இருந்தார். ஆனால் ஒரு நாளும் ஒருவனிடமும் கை நீட்டியதில்லை, ஒரு பொன்னாடையும் வாங்கியதில்லை. அந்தப் பெருமை அவரிடம் உடம்பில் ஓர் உறுப்பைப் போல இருந்தது.

அரங்கம் ஏன் நீளுகிறது என்பதற்கு மாசானத்திடம் ஒரு விளக்கம் இருந்தது. அதைத் துண்டறிக்கையாகவே அச்சடித்து எல்லா வரிசைக்கும் கொடுத்தார். பொய் பேசுகிறான், நீளுகிறது. உண்மையைப் பேச ஒருவன் வந்தால் சுருங்கும். மேடை நம் மூக்குக்கு முன்னால் வந்து நிற்கும். அவ்வளவுதான் துண்டறிக்கை.

"அப்போ போன மாசம் அந்த வக்கீலம்மா பேசுச்சே," என்றார் செய்யது பாய், கண்ணாடித் தம்ளரைக் கழுவிக்கொண்டே. "செத்துப்போன புள்ளையளப் பத்திச் சொல்லி அழுதுச்சே. அது பொய்யா வே? அன்னைக்கும் நீளத்தான செஞ்சுது?"

"அழுகை நெசம். கைதட்டல் வாங்கினா அதுவும் பொய்யாயிரும்."

"நீரு எதுக்கும் ஒரு பதிலு வச்சிருப்பீரு. டீய குடியும்."

கடைசி வரிசைக்கு ஒரு கேள்வி என்கிற வழக்கத்தை வாங்கிக் கொடுத்ததும் மாசானம்தான். விருந்தினரின் காருக்கு முன்னால் படுத்து, நாலு போலீஸ்காரர்கள் தூக்கியும் அசையாமல் கிடந்து வாங்கினார். விழாப் பொறுப்பாளர் பேராசிரியர் ஞானசிகாமணி எட்டு முழ வேட்டி சரசரக்க ஓடிவந்து, "தாராளமா தோழர்! ஜனநாயகம்னா அதுதான! எந்தக் கூட்டத்துலயும் கடைசிக் கேள்வி கடைசி வரிசைக்கு, ஒரு நிமிஷம்!" என்று அங்கேயே அறிவித்தார். அவருக்குத் தெரியும். கம்பியில்லா மைக்கை எடுத்துக்கொண்டு கடைநிலை ஊழியர் கோமதிநாயகம் சைக்கிளில் புறப்பட்டு, கயிறு கயிறாக இறங்கி ஏறி, கடைசி வரிசைக்கு வந்து சேரும்போது, விருந்தினர் ரயிலில் தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருப்பார். இருந்தாலும் கேட்டார்கள். ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் மைக்கை வாங்கித் தன் கேள்வியைக் கேட்டார்கள், வெகுநேரம் கழித்து முன்னாலிருந்து, மேடையைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண்களின் குரல் வரும்: "எல்லாரும் போயாச்சூ...!" பிறகு அதுவே பதில் என்றாகிவிட்டது. கடைசி வரிசைக் குழந்தைகள் கண்ணாமூச்சி ஆட்டத்தைக்கூட அந்தச் சொல்லைக் கூவித்தான் முடித்தார்கள்.

இப்படி இருக்கையில்தான், அந்த மாவட்டத்து நீதிமன்றங்களை மேற்பார்வை பார்க்கும் நீதியரசர் ஒருவர் 'விசாரணைக் கைதியின் உரிமைகள்' பற்றிப் பேச வருவதாகச் சுவரொட்டி ஒட்டினார்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் கிடப்பில் கிடக்கும் வழக்கு மறுநாளே மேசைக்கு வரும் என்று வக்கீல் குமாஸ்தாக்கள் பேசிக்கொண்டார்கள்.

அந்தப் பேச்சைக் கேட்டதும், கடைசி வரிசையில் பீடி சுற்றிக்கொண்டிருந்த மாடத்தி தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். அவள் மகன் சுடலைக்கண்ணு கல்குவாரிக்கு எதிராக நடந்த மறியலில் கைதானவன். மறியலுக்குப் போனவன் இல்லை. மேயப்போன வெள்ளாட்டைத் தேடிப் போனவன். ஆடு அன்றைக்கே வீடு திரும்பிவிட்டது. அவன் மீது போட்ட வழக்கை எந்த நீதிபதியும் இன்னும் கையில் எடுக்கவில்லை. மீசை முளைக்கும் வயதில் போனவனுக்கு, போன தடவை மனுப் போட்டுப் பார்க்கப் போனபோது, காதோரம் நரைத்திருந்தது.

"அண்ணாச்சி, இந்தத் தடவ நான் கேக்கட்டா?" என்றாள்.

மாசானம் அன்றைக்கே ஞானசிகாமணியிடம் போனார். பத்திரிகைக்காரர்கள் கூட இருந்த நேரமாகப் பார்த்துப் போனார். "மைக்கு வர நேரமாவுதுன்னு சொல்லுதிய. அப்ப முன்கூட்டியே அனுப்புங்க. புதன்கிழமையே கிளம்பட்டும்." ஞானசிகாமணி பத்திரிகைக்காரர்களைப் பார்த்தார், மாசானத்தைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அருமையான யோசனை தோழர்," என்றார். நீதியரசரும் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்: நீளும் அரங்கத்தைப் பார்க்க அவருக்கும் ஆசை, கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் போவார்.

கோமதிநாயகம் புதன்கிழமை சாப்பாட்டுத் தூக்கோடு புறப்பட்டு, வழியில் நடுவரிசை நாற்காலிகளில் படுத்தெழுந்து, வியாழக்கிழமை மதியம் மைக்கைக் கைக்குழந்தை போலத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, கடைசி வரிசை எழுந்து நின்றது. ஒரு கிழவர் மைக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"சொல்லு பாப்போம், எப்படிக் கேப்ப?" என்றார் மாசானம்.

"எம்மவன் சுடலைக்கண்ணு கேச என்னைக்கு எடுப்பிய அய்யா?"

"அய்யா எதுக்கு? அவன் என்ன ஒனக்கு அய்யாவா? வேணாம், எடுத்துரு."

"சொன்னா என்ன அண்ணாச்சி கொறஞ்சி போச்சு? எம்புள்ள வரணும். நாய்க்குட்டியக்கூட அய்யாம்பேன்."

மாசானம் மூக்கை உறிஞ்சினார். "சரி. ஒன் இஷ்டம். ஆனா ஒத்த வரிதான். ஒரு நிமிஷம் போனா மணி அடிச்சிருவானுவ."

"ஒத்த வரிதான அண்ணாச்சி இருக்கு எங்கிட்ட."

செய்யது பாய் டீ வாளியோடு அந்தப் பக்கம் வந்தவர் நின்றார். "மாடத்தி, மைக்க இவருகிட்ட மட்டும் குடுத்துராத. இவரு கையில போன மைக்கு திரும்பி வந்ததா இந்த ஜில்லாவுலயே சரித்திரம் கெடையாது."

எல்லோரும் சிரித்தார்கள். மாசானம் சிரிக்கவில்லை. "இது அவ நிமிஷம் வே. எனக்குத் தெரியாதா?" என்றார். அப்படிச் சொன்னபோது அவர் மனதாரத்தான் சொன்னார்.

நீதியரசர் பேசினார். நல்லவிதமாகப் பேசினார் என்று முன்வரிசைக்காரர்கள் பிற்பாடு சொன்னார்கள்; கைதியும் மனிதன், காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அவன் ஆயுளிலிருந்து பிடுங்கியது என்றெல்லாம் தொண்டை கரகரக்கச் சொன்னாராம். அந்தச் சொற்கள் பின்வரிசைக்குப் பொடிப்பொடியாக வந்தன. 'ஆயுள்' வந்தது, 'பிடுங்கியது' வரவில்லை. மேடை விளக்கு அகல் அளவிலிருந்து ஊதுபத்தி நுனி அளவுக்குச் சிறுத்தது. மாடத்தி அந்த நுனியிலிருந்து கண்ணை எடுக்காமல், உதடுகளுக்குள் தன் ஒற்றை வரியைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஞானசிகாமணியின் குரல், காற்றில் அடிபட்டு அடிபட்டு வந்தது: "வழக்கம்போல... கடைசி வரிசைக்கு... ஒரு கேள்வி."

கோமதிநாயகம் துண்டைப் பிரித்து மைக்கை எடுத்தார். மாடத்தி கையை நீட்டினாள். ஆனால் எந்தக் கூட்டத்திலும் எந்த மைக்கையும் முதலில் தோழரிடம் கொடுப்பதுதான் முறை என்று பழகியிருந்த கோமதிநாயகம் அதை மாசானத்திடம் கொடுத்தார். மாசானம் அதை மாடத்தியிடம் கொடுக்கத்தான் திரும்பினார். கை பாதி வழியில் நின்றது. அந்தக் கனம். உள்ளங்கையின் பழைய காய்ப்பில் அது போய்ப் பொருந்திய விதம். அதன் நெற்றியில் எரிந்த சின்னச் சிவப்பு விளக்கு. திடீரென்று ஒருத்தி கேஸ் என்று கேட்டால் அவர்களுக்கு என்ன புரியும்? யார், எவர், எந்தக் குவாரி, எவன் முதலாளி? அறிமுகம் வேண்டாமா? அதோடு இத்தனை காலம் அச்சடித்துக் கொடுத்த விளக்கத்தைச் சோதித்துப் பார்க்க இது அல்லவா நேரம்? உண்மையைப் பேசினால் சுருங்கும். சுருங்கினால் மாடத்தி நீதியரசரின் முகத்துக்கு நேராக நின்று கேட்கலாமே.

"ஒரு முன்னுரை, தாயி. மூணே வாக்கியம்," என்றார்.

மாடத்தி நீட்டிய கையை மடக்கவில்லை.

மாசானம் பேசினார். குவாரியைப் பற்றிப் பேசினார், மலையைத் தின்றவன் வெளியே ஏப்பம் விடுகிறான், ஆட்டைத் தேடியவன் உள்ளே களி தின்கிறான் என்றார், ஆலை வாசலைப் பற்றிப் பேசினார், அங்கே சுடப்பட்டு விழுந்த தோழனின் சட்டைப்பையில் இருந்த பாதி பீடியைப் பற்றிப் பேசினார், உங்கள் சட்டப் புத்தகங்களின் தடிமனுக்கும் எங்கள் பெண்களின் விரல் காய்ப்புக்கும் உள்ள கணக்கை எந்த மன்றத்தில் தீர்ப்பது என்றார். ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஒரு சொல்லும் இடறவில்லை. அப்போதுதான் அவர் அதைப் பார்த்தார். ஊதுபத்தி நுனி அகலாயிற்று. அகல் விளக்காயிற்று. மேடை வந்துகொண்டிருந்தது. டீக்கடை அவரைக் கடந்து போயிற்று, கயிறுகள் காலடியில் வழுக்கிப் போயின, மேசை விரிப்பின் சரிகை தெரிந்தது, தண்ணீர்ப் பாட்டில் தெரிந்தது, நீதியரசரின் மூக்குக்கண்ணாடி தெரிந்தது, அதற்குப் பின்னால் கலங்கியிருந்த கண்கள்கூடத் தெரிந்தன. சொன்னேன் அல்லவா, சொன்னேன் அல்லவா என்று மாசானத்தின் நெஞ்சு அடித்துக்கொண்டது. எழுபது வருஷத்தில் முதன்முறையாக உலகம் அவர் எழுதிய துண்டறிக்கைப்படி நடந்தது. அதனால் இன்னும் கொஞ்சம் பேசினார்.

மணி அடித்தது. முன்வரிசை முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. நீதியரசரும் தட்டினார்.

"அற்புதமான உரை ஐயா," என்றார் அவர். "நேரம் முடிந்தாலும் பரவாயில்லை. உங்கள் கேள்வி என்ன?"

"என்னோட கேள்வி இல்ல. பெத்த தாய் வந்திருக்கா. அவ கேப்பா," என்று பெருமிதத்தோடு மைக்கை நீட்டித் திரும்பினார் மாசானம்.

பின்னால் நாற்காலிகள் இருந்தன. பச்சை நிறத்தில், வரிசை வரிசையாக, அறுவடைக்கு முந்திய வயல் போல, கண் போகிற தூரம்வரை இருந்தன. அவர் முன்வரிசைக்கு எதிரே, மேடைப் படியில் நின்றுகொண்டிருந்தார். வெகு தூரத்தில், வரிசைகள் ஒன்றோடொன்று கலந்து வெறும் கோடாகப் போன இடத்தில், ஒரு புள்ளி இருந்தது. அது நின்றதா, நீட்டிய கையோடு நின்றதா, அவரால் சொல்ல முடியவில்லை.

"அந்த அம்மா எங்கே?" என்றார் நீதியரசர், உண்மையான அக்கறையோடு.

"வருவா... பின்னால நிக்கா... எம்மவன் கேச என்னைக்கு எடுப்பியன்னுதான் கேக்கணும்..." என்றார் மாசானம். ஆனால் மணி அடித்ததுமே மைக்கின் சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது, கைதட்டலும் ஓயவில்லை. எதிர்க்கரையை எட்டிய அந்தக் குரல் மேடையின் இரண்டு படிகளைத் தாண்டவில்லை. நீதியரசர் காதைச் சாய்த்துக் கேட்டார், புரியாமல் புன்னகை செய்தார், கொஞ்ச நேரம் காத்திருக்கவும் செய்தார். அவர் கெட்டவர் இல்லை. ரயிலுக்கு நேரமானதாக யாரோ வந்து சொன்னார்கள்.

ஞானசிகாமணி மைக்கைப் பிடித்து, கடைசி வரிசையின் குரலை இன்று முதல் வரிசை கேட்டதென்றும், இது ஜனநாயகத்தின் வெற்றியென்றும், அடுத்த வியாழன் பேருரையை நம் அன்புக்குரிய தோழரே வழங்குவாரென்றும் அறிவித்தார். பிறகு பொன்னாடையை உதறி விரித்துக்கொண்டு வந்தார். தான் கழுத்தைத் தாழ்த்திக் கொடுத்தது, கொடுத்த பிறகுதான் மாசானத்துக்கே தெரிந்தது.

நாட்டுப்பண் முடிந்து எல்லோரும் போனார்கள். மாசானம் முன்வரிசையில் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அங்கே ரெக்சின் இல்லை, வெல்வெட். நடந்து போய்விடலாம் என்று எழுந்தார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, மறுபடி உட்கார்ந்தார். ஜன்னலில் சாயங்கால வெயில் இன்னும் கிடந்தது. பெருக்குகிற பெண்கள் இரண்டு பேர் வந்து, அவர் காலை ஒரு முறை தூக்கச் சொல்லி அடியில் பெருக்கிவிட்டு, மேடையில் உதிர்ந்த மாலைப் பூக்களைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது வந்தது அந்தக் குரல். மைக் இல்லாமல், ஒயர் இல்லாமல், டீக்கடையையும் கயிறுகளையும் தாண்டி, எத்தனையோ வரிசைகளில் இடறி விழுந்து எழுந்து, மெலிந்து, ஆனால் ஒரு சொல்லும் குறையாமல் வந்தது.

"எம்மவன் சுடலைக்கண்ணு கேச... என்னைக்கு எடுப்பிய... அய்யா?"

மாசானம் வாயைத் திறந்தார். நான் இருக்கேன் தாயி என்று சொல்ல வந்தார். சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பிறகு, தான் ஒரு சொல் சொன்னாலும் அவளுக்கும் தனக்கும் நடுவே இன்னொரு வரிசை முளைக்கும் என்று தெரிந்த மனிதராக, பொன்னாடையின் நுனியை வாயில் அழுத்திக்கொண்டார்.

பெருக்குகிறவர்களில் ஒருத்தி வழக்கம்போல நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அவர் தலைக்கு மேலாகப் பின்வரிசையைப் பார்த்துக் கூவினாள்:

"எல்லாரும் போயாச்சூ...!"